காணாதவர்போல் இருந்துவிட வேண்டாம்

(வானொலி மறையுரை)



காணாமல் போன ஆட்டின் உவமையை நாம் அனைவரும் அறிவோம் (லூக்கா 15:3-7). தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயரைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அவர் தேடி அலையும் நேரத்தில் அந்த ஆடு வேறொருவர் தொழுவத்தில் நின்றிருந்தால்? கண்டெடுத்தவரின் கடமையைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. ஒரு தீபாவளி இரவு, வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் ஒன்று எங்கள் பங்கு இல்லத்துப் படிக்கட்டின் அடியில் வந்து ஒடுங்கியது. தண்ணீர் வைத்தோம், சோறு வைத்தோம். இரண்டே நாளில் வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வரத் தொடங்கியது. அதன் கழுத்தில் சாயம் போன சிவப்புக் கயிறு ஒன்று இருந்தது. யாரோ ஆசையாகக் கட்டிய கயிறு என்று எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும், "தேடி வந்தால் கொடுத்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டு ஒருவரிடமும் விசாரிக்காமல் இருந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், அதைப் பிரிய எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்த பிறகும் ஒரு பாட்டி புனித அந்தோனியார் சுரூபத்தின் முன் முழந்தாளில் இருந்தார். என்னவென்று கேட்டோம். "தீபாவளியிலயிருந்து மணியைக் காணல சாமி. வீட்டுல எனக்கு அவன்தான் துணை" என்றார். "கழுத்துல சிவப்புக் கயிறா பாட்டி?" என்று கேட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்றும் எங்கள் கண்முன் நிற்கிறது. அவர் செபித்த இடத்துக்கும் மணி படுத்துக் கிடந்த இடத்துக்கும் நடுவே இருந்தது கோவிலின் ஒரு சுவர்தான்.

இணைச்சட்ட நூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது (22:1-3). பிறருடைய ஆடோ மாடோ வழிதவறித் திரிவதைக் கண்டவர் காணாதவர்போல் போய்விடக் கூடாது. உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உரியவர் யாரென்று தெரியாவிட்டால், அவர் தேடி வரும்வரை வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பகைவரின் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட இதே கடமை உண்டு என்கிறது விடுதலைப் பயண நூல் (23:4). காப்பாற்றும் பாதியை நாங்கள் செய்தோம். விசாரித்துச் சேர்க்கும் பாதியை விட்டுவிட்டோம். செய்யாமல் விட்டதும் பாவமே என்று திருப்பலியின் தொடக்கத்தில் அறிக்கையிடுகிறோம் அல்லவா?

கண்டெடுத்தவர் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மிரண்ட விலங்கு கடிக்கக்கூடும். துரத்திப் பிடிக்காமல் பொறுமையாக நெருங்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையில் பெயரோ தொலைபேசி எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தோலுக்கு அடியில் அரிசிமணி அளவில் மைக்ரோசிப் இருந்தால், அதற்குரிய கருவியால் அதன் எண்ணைப் படிக்கலாம். படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் டீக்கடையிலும் கோவில் அறிவிப்புப் பலகையிலும் தெரிவியுங்கள். ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்திருங்கள். அதைச் சரியாகச் சொல்பவரிடம் ஒப்படையுங்கள்.

தொலைத்தவர்கள் அன்றே தேட இறங்குங்கள். பூனை பெரும்பாலும் வெகுதூரம் போவதில்லை. பயத்தில் குரல்கூடக் கொடுக்காமல் பக்கத்து வீட்டு மாடிப்படியிலோ வண்டிக்கு அடியிலோ பதுங்கியிருக்கும். ஊர் அடங்கிய பிறகு டார்ச்லைட்டுடன் போய் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாய் காணாமல் போனால், விடியுமுன் தெருக்களில் நடமாடும் பால்காரரிடமும் பேப்பர் போடும் தம்பிகளிடமும் தூய்மைப் பணியாளர்களிடமும் சொல்லிவையுங்கள். அந்தோனியாரிடம் செபியுங்கள், அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள்.

மணியை நாங்களே பாட்டியின் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். தவற்றையும் ஒத்துக்கொண்டோம். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "சாமி வீட்டுலதானே இருந்திருக்கான், நல்லா சாப்பிட்டிருப்பான்" என்று சிரித்துக்கொண்டே காப்பி போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்பார்ந்தவர்களே, ஆட்டைக் கண்டுபிடித்த ஆயர் அண்டை வீட்டாரை அழைத்து மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் பங்குபெற வேண்டிய அண்டை வீட்டார் நாம். நம் வாசலுக்கு வந்து நிற்கும் வாயில்லாச் சீவனுக்காக எங்கோ ஒருவர் அழுதுகொண்டிருக்கலாம். காணாதவர்போல் இருந்துவிடாத கண்களை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.