கடல் தாண்டி வரும் ஓசோன்



ஓசோன் என்றதும் உயரே நமக்குக் குடை பிடிக்கும் படலம்தான் நினைவுக்கு வரும். அதே வாயு நாம் மூச்சு விடும் உயரத்தில் சேர்ந்தால் தொண்டை கரகரக்கும், நெஞ்சு இறுகும், ஆஸ்துமா உள்ளவர்கள் திணறிப் போவார்கள். பயிரின் இலையும் கருகும். இதை எந்தப் புகைபோக்கியும் நேராகக் கக்குவதில்லை. வண்டிப் புகையிலும் அனல்மின் நிலையப் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றின் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து உருவாவது. அப்படியென்றால் அந்தந்த ஊர் ஓசோன் அந்தந்த ஊரிலேயே பிறந்ததாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி இல்லை என்பதற்கு ஒரு மலையுச்சி சாட்சி. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மவுண்ட் பாச்சலர் என்றொரு எரிமலை. உயரம் சுமார் 2,760 மீட்டர். பனிச்சறுக்கு விளையாட வருபவர்களைக் கம்பிவடத்தில் தொங்கும் இருக்கைகள் உச்சிக்கு ஏற்றிவிடும். அந்த உச்சியில்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டான் ஜாஃபி 2004இல் தன் குழுவுடன் காற்றை அளக்கும் கருவிகளை வைத்தார். பகலில் அடிவாரக் காற்று சூடேறி மலைமேல் வரும். இரவில் மேலே இருக்கும் காற்று கீழே இறங்கும். இரவுக் காற்றில் உள்ளூர்ப் புகை அதிகம் கலந்திருக்காது. பசிபிக்கைக் கடந்து வந்த காற்று அது. இளவேனில் நாட்கள் சிலவற்றில் அதில் ஓசோனோடு கார்பன் மோனாக்சைடும் பாதரசமும் சேர்ந்தே கூடின. ஆசியப் புகையின் கைரேகை அது.

கிழக்காசியாவில் உருவாகும் புயல்கள் தரைப் புகையைப் பல கிலோமீட்டர் உயரத்துக்கு அள்ளித் தூக்குகின்றன. அங்கே மேல்காற்று விரட்ட, ஒரு வாரம் பத்து நாளில் மறுகரை வந்துவிடும். தரையருகே ஓசோன் இலையிலும் மண்ணிலும் பட்டுச் சீக்கிரம் அழிந்துபோகும். உயரத்தில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இன்னொரு விந்தையும் உண்டு. பான் என்ற சேர்மம் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுச்சோறு போல மடித்து எடுத்து வருகிறது. குளிரில் அந்தக் கட்டு அவிழாது. காற்று கீழிறங்கிச் சூடானதும் அவிழும். வந்த இடத்தில் புதிதாக ஓசோன் உருவாகும்.

தரைமட்ட ஓசோனுக்கு அமெரிக்கா 2015இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக நூறு கோடியில் 70 பங்கு. மேற்கு மாநிலங்களின் மேட்டுநிலங்களிலோ, இளவேனிலில் வெளியிலிருந்தும் இயற்கையாகவும் வந்து சேர்வதே 40, 50ஐத் தொடும். பானை பாதிக்கு மேல் நிறைந்தே வருகிறது. நெவாடாவின் சிற்றூர் ஒன்று தன் வண்டிகளை மட்டும் கட்டுப்படுத்தி எவ்வளவைக் குறைத்துவிட முடியும்? அந்த ஊரார் முறையிடுவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்கு இந்த நியாயம் அவ்வளவாகப் பொருந்தாது. மலைகள் சூழ்ந்த அந்த விளைநிலத்தில் ஓசோன் உச்சத்துக்குப் போவது கோடையில். கடல் தாண்டி வரும் பங்கு மெலிவதும் அப்போதுதான். அங்கே பழத்தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறவர் நெஞ்சில் இறங்குவது பெரும்பாலும் பக்கத்து நெடுஞ்சாலை லாரிகளின் புகையிலிருந்து உருவானது. அதற்கு ஆசியாவைக் கைகாட்டுவது அவருக்குச் செய்யும் அநீதி.

அமெரிக்க ஓசோனும் இதேபோல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகிறது. எல்லை தாண்டும் மாசுக்காக 1979இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை பிறந்தது. அதன் கீழ் 1999இல் வந்த கோதன்பர்க் நெறிமுறை தரைமட்ட ஓசோனையும் குறிவைத்தது. அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் அந்த உடன்படிக்கையில் உண்டு. பசிபிக்கின் மேற்குக் கரையிலிருக்கும் சீனா அதில் இல்லை.