பொது நிதி எந்தத் தெருவில் நின்றுபோகிறது?



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமை பேசுவது வழக்கம். நாம் இன்று கணக்குப் பேசுவோம். நம் மூத்தவர்கள் பலர் மனு எழுதியே வாழ்நாளைக் கழித்தார்கள். தெருவிளக்குக்கு ஒரு மனு, குடிநீர்க் குழாய்க்கு ஒரு மனு, மயானப் பாதைக்கு ஒரு மனு. அவை அத்தனையும் பொருளாதார ஆவணங்கள். நாம்தான் அவற்றை அப்படிப் படிக்கவில்லை.

1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது நிதியில் கட்டிப் பராமரிக்கப்படும் கிணறு, குளம், பள்ளி, மருந்தகம் ஆகியவற்றைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்றது அது. அடுத்த ஆண்டே சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை நிறைவேற்றவைத்தார். இவர்கள் யாரிடமும் கருணை கேட்கவில்லை. வரிப்பணத்தில் கட்டியது எல்லோருக்கும் சொந்தம் என்றார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவும் அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை என்றுதான் பேசுகிறது.

தீர்மானம் மட்டும் போதவில்லை. மகாத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக ஏட்டில் எழுதியது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தபோதுதான் அந்த எழுத்துக்கு உயிர் வந்தது. அதற்காக அவர்கள் அடிபட்டார்கள். பின்னர் வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் முடிந்தது.

இனி பாடநூலுக்கு வருவோம். பொதுப் பண்டத்துக்குத் தெருவிளக்கை உதாரணம் காட்டுவார்கள். ஒருவர் வெளிச்சத்தில் நடப்பதால் இன்னொருவருக்கு வெளிச்சம் குறையாது, யாரையும் விலக்கவும் முடியாது என்பார்கள். நம் ஊர்களில் விலக்க முடியும். கம்பத்தை ஊர்த்தெருவின் கடைசி வீட்டோடு நிறுத்திவிட்டால் போதும். சட்டப்படி யாரையும் தடுக்கவில்லை. இருட்டு மட்டும் நம் பக்கம்.

அரசு செலவிடும் ஒரு ரூபாய் பல கை மாறி ஒரு ரூபாய்க்கு மேல் வருமானமாகும் என்கிறது பொருளாதாரம். ஏழையின் கையில் சேரும் கூலி அன்றே மளிகைக் கடைக்குப் போகும். அதனால் அந்தப் பெருக்கம் அங்கேதான் அதிகம். 2024-25இல் ஒன்றிய அரசு மூலதனச் செலவுக்கு 11.11 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியது. நாம் சாலைக்கும் அணைக்கும் எதிரிகள் அல்ல. வைசிராய் அவையின் உறுப்பினராக இருந்த அம்பேத்கரே தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். ஆனால் எந்திரம் போடும் நெடுஞ்சாலையில் கூலி எவ்வளவு, அந்தச் சாலையிலிருந்து சேரிக்குப் பிரியும் மண்பாதை என்ன ஆனது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1979-80இல் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதியைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அது 2011 கணக்கெடுப்பின்படி 20 விழுக்காடு. நடந்தது என்ன? 2010 காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்காக டெல்லியில் இந்த நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பப்பட்டது. அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சரே மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதைவிட நுட்பமான வழியும் உண்டு. மேம்பாலம் கட்டிவிட்டு, "இதில் பட்டியல் சாதியினரும் போவார்கள், பிரித்துக் காட்ட முடியாத செலவு" என்று ஒரு பங்கை நம் கணக்கில் எழுதிவிடுவது. கர்நாடகத்தின் 2013 சட்டத்தில் இதற்கென்றே 7(டி) என்ற உட்பிரிவு இருந்தது. போராட்டங்களுக்குப் பின் 2023இல்தான் நீக்கினார்கள்.

அதில் என்ன தவறு என்று கேட்பவருக்கு ஒரு சிறு கணக்கு. ஊரில் 10 குழாய், சேரியில் 2 குழாய் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் ஐந்தைந்து சேர்த்தால் 15, 7. முன்பு எட்டு குறைவு, இப்போதும் எட்டு குறைவு. எல்லோருக்குமான செலவில் நம் பங்கு குடிமக்கள் என்ற முறையில் ஏற்கெனவே நமக்கு உரியது. துணைத் திட்டம் அதற்கு மேல், அந்த எட்டை நிரப்ப வந்தது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிப்பது ஒரே கடனை இரண்டு முறை வசூலிப்பது போன்றது.

தமிழ்நாட்டிலும் 2024இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. சவுதார் குளத்துத் தீர்மானம் போல அதுவும் ஏட்டில் உறங்கலாம். எழுப்ப வேண்டியவர்கள் நாம். கிராமசபைக்குப் போவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிப்போம். ஒவ்வொரு பணிக்கும் மூன்று கேள்வி கேட்போம்: வேலை எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் நின்றது? கூலி யார் கைக்குப் போனது? செலவை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

மாணவ நண்பர்களே, மழைக்காலத்தில் நம்மவர் பிணத்தைச் சுமந்துகொண்டு வயல் சேற்றில் இறங்கி நடக்கும்போது, அந்த மயானப் பாதைக்கான பணம் ஏதோ ஒரு கணக்கில் செலவாகி முடிந்திருக்கலாம். அந்தக் கணக்கைத் தேடி எடுத்து ஊரறியப் படித்துக் காட்டுவதே மறைந்தவர்களுக்கு நாம் செய்யும் அஞ்சலி.

ஜெய்பீம்.