படமும் வேணும், பாடமும் வேணும்

(கூட்டமைப்பின் உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



மைக் முன்னால நின்று பேசி எனக்குப் பழக்கம் இல்லை. நான் பட்ட கஷ்டம் இன்னொரு தாய் படக்கூடாது என்றுதான் வந்திருக்கிறேன்.

என் மூத்த மகள் மார்கழியில் கோலம் போட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ப்ளஸ் டூ முடித்ததும், "அம்மா, நான் டிசைன் படிக்கணும்" என்றாள். "படம் வரையறது ஒரு படிப்பாடி?" என்று கேட்டேன். நாம உடுத்துற துணி, உட்காருற நாற்காலி, சோப்பு அட்டை, செல்போன் திரையில வர்ற படம், எல்லாத்தையும் வடிவமைக்க ஆள் வேணும், அதுக்கென்று படிப்பு இருக்கு என்று அவள்தான் சொன்னாள்.

நல்லது என்று டவுனில் ஒரு இடத்தில் சேர்த்தோம். கலர் கலரா புத்தகம் கொடுத்தார்கள், ஏசி அறை காட்டினார்கள். குழுவில் 40,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தோட்டையும் அடகு வைத்தேன். ஒரு வருஷம் கழித்து, மேலே படிக்கலாம் என்று வேறு கல்லூரிக்குப் போனால், "இது அவங்க கொடுத்த சர்டிபிகேட். பட்டப்படிப்பில் சேராது" என்று சொல்லிவிட்டார்கள். பணமும் போச்சு, பிள்ளைக்கு ஒரு வருஷமும் போச்சு. கடனை மட்டும் 20 மாதம் கட்டினேன்.

டிசைன் படிப்பில் தப்பில்லை சகோதரிகளே. விசாரிக்காமல் சேர்த்தது என் தப்பு.

நம்ம பாஸ்புக்கில் இருக்கிற ரூபாய் அடையாளத்தைப் பாருங்கள். அதை வடிவமைத்தவர் டி. உதயகுமார் என்ற தமிழர். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. அவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்து, பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் டிசைன் படித்து, தமிழ் எழுத்து வடிவத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். கை நல்லா வரைந்தால் மட்டும் போதாது, படிப்பும் பலமா இருக்கணும் என்பதற்கு இதுவே சாட்சி.

நுழைவுத் தேர்விலும் அப்படித்தான். நிஃப்ட் தேர்வில் வரைகிற திறமையும் பார்க்கிறார்கள், கணக்கு, ஆங்கிலம், பொது அறிவும் கேட்கிறார்கள். ஆகவே படம் வரைகிற பிள்ளையிடம் "கணக்கை விட்டுடு" என்று சொல்லாதீர்கள். ஒரு சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி, எவ்வளவு செலவு, என்ன விலை வைக்கலாம் என்று போடத் தெரியாத டிசைனருக்கு வேலை கிடைக்காது.

கல்லூரிக்கு நேரில் போய் இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள்.

1. பட்டம் யார் கொடுப்பது? எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் வாங்குங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது. பள்ளி ஆசிரியரிடமோ இ-சேவை மையத்திலோ சொன்னால் பார்த்துச் சொல்வார்கள்.

2. வரைவதைத் தவிர என்ன பாடம்? பாடத்திட்டத்தைக் கேளுங்கள். பொருள்களைப் பற்றிய அறிவு, செலவுக் கணக்கு, கம்ப்யூட்டர், ஆங்கிலம் எல்லாம் இருக்கணும்.

3. பட்டறை இருக்கா? தறி, தையல் இயந்திரம், கம்ப்யூட்டர் எத்தனை என்று கண்ணால் பாருங்கள். கடைசி வருஷப் பிள்ளைகள் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள்.

4. படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? ஆபீசில் கேட்டால் நல்லதுதான் சொல்வார்கள். வாசலில் நிற்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள்.

5. மொத்தச் செலவு எவ்வளவு? பீஸ், ஹாஸ்டல் இரண்டோடு முடியாது. பேப்பர், கலர், துணி, கம்ப்யூட்டர் என்று பொருள் செலவு வருஷா வருஷம் வரும்.

இனி எங்கே படிக்கலாம் என்று பார்ப்போம். சென்னை தரமணியில் நிஃப்ட் இருக்கிறது. 1995-ல் தொடங்கியது. துணி, ஆடை சார்ந்த டிசைனுக்குப் பெயர் பெற்றது. தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் அகமதாபாத்தில் தொடங்கியது. இப்போது ஆந்திரா உட்பட வேறு மாநிலங்களிலும் இருக்கிறது. இதையும் என்.ஐ.டி. என்பார்கள். திருச்சியில் இருக்கிற பொறியியல் என்.ஐ.டி. வேறு, குழம்பாதீர்கள். மும்பை, குவாஹாத்தி போன்ற ஐ.ஐ.டி.களில் டிசைன் பட்டப்படிப்புக்கு யூசீட் என்ற தேர்வு. இந்த மூன்று தேர்வையும் எந்தப் பிரிவில் படித்த பிள்ளையும் எழுதலாம். ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு குறைவாக வேண்டும் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. கோவைப் பக்கம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஆடை வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது.

முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நாம எல்லோரும் ரிசல்ட் வந்த பிறகுதான் கல்லூரி தேடுவோம். நிஃப்ட், தேசிய வடிவமைப்பு நிறுவனம், யூசீட் மூன்றுக்கும் அது லேட். ப்ளஸ் டூ படிக்கும்போதே, தீபாவளி சமயத்திலேயே விண்ணப்பம் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடணும். என் மகள் மே மாதம் கேட்டபோது எல்லாக் கதவும் மூடியிருந்தது. அந்த அவசரத்தில்தான் ஏமாந்தோம்.

பணத்துக்கு என்ன செய்வது? நிஃப்ட் போன்ற இடங்களில் நான்கு வருஷத்துக்குப் பத்து லட்சத்தையும் தாண்டும். பயந்து பின்வாங்காதீர்கள், கணக்குப் போடுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து நிஃப்ட் கட்டண உதவி தருகிறது. 4 லட்சம் ரூபாய் வரை கல்விக்கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தால் வேறு என்ன உதவி என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

என் மூத்தவள் பிறகு ஒரு கலைக் கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படித்து முடித்து, இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள். இளையவள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இந்தத் தடவை கேள்வி கேட்க அக்காவும் தங்கையும் நானுமா சேர்ந்துதான் போவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படிப்புச் செலவுக்கு யார் உள்கடன் கேட்டாலும், பணம் கொடுக்கும் முன்னால் இந்த ஐந்து கேள்வியைக் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். அன்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் என் தோடு காதில் இருந்திருக்கும்.