பழைய மோட்டாருக்குப் புதிய வலிமை: எது முதல்? எது பின்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் நிறைந்த இவ்விழாவில் மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் நினைக்கலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. தந்தை வாங்கிய அம்பாசடரையோ, மாமனார் விட்டுச்சென்ற பியட்டையோ விற்க மனம் வராமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் காலனியில் உண்டு. அவ்வண்டிக்குக் கொஞ்சம் வலிமை கூட்டவேண்டும் என்று வீட்டு இளைஞர்கள் ஆசைப்படுகின்றார்கள். அவ்வாசை தவறன்று. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்ற வரிசை தவறுமானால், பணம் வீணாவதோடு பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் தாயும் குழந்தைகளும் ஆபத்துக்கு ஆளாகின்றார்கள். ஆதலின் இது வீட்டுக் காரியம். குடும்பத்தார் அனைவரும் கேட்கவேண்டிய காரியம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு மலைப்பாதை புதிதன்று. சித்தூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் சென்றால் பலமனேருக்கு முன் மொகிலி மலைப்பாதை எதிர்ப்படுகிறது. திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி நோக்கிச் சென்றால் பாக்கராப்பேட்டை மலைப்பாதை. திருமலையோ நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. அங்கே 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முதற் பாதை இன்று இறங்கும் வழியாக இருக்கிறது. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1970-களில் அமைந்த இரண்டாம் பாதை ஏறும் வழி. பழைய வண்டிகளை அங்கே அனுமதிப்பதில் தேவஸ்தானம் வயது வரம்பு வைத்து வந்திருக்கிறது. ஆகவே பழைய வண்டியோடு செல்ல நினைப்பவர் அன்றைய விதியை முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். ஆயினும் கணக்குக்கு அம்மலையையே எடுத்துக்கொள்வோம்; நாம் எல்லோரும் அறிந்த மலை அதுவே.

ஐவர் அமர்ந்த அம்பாசடரின் எடை, மூட்டை முடிச்சோடு சுமார் 1,500 கிலோ என்று கொள்வோம். அதைச் சுமார் 700 மீட்டர் உயரத்துக்கு அரைமணி நேரத்தில் தூக்கவேண்டும். தூக்குவதற்கு மட்டும் எவ்வளவு ஆற்றல் வேண்டும்? கணக்கிட்டால் சராசரி 8 குதிரைத்திறன்தான் வருகிறது! சக்கரத்தின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தாலும் சராசரி 15-ஐத் தாண்டுவதில்லை. செங்குத்தான இடங்களில் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உண்மையே. ஆனால் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின் புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தந்தது. அங்ஙனமாயின், பழைய வண்டி மலையில் ஏன் திணறுகிறது? ஏன் கொதித்து நிற்கிறது?

அதன் பழைய வலிமை கசிந்துபோனதே காரணம். அழுத்தம் வால்வின் வழியே கசிகிறது. பொறி காலந் தாழ்ந்து விழுகிறது. வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. எனவே நம் முதல் விதி இது: புதிய வலிமையைச் சேர்க்குமுன் இழந்த வலிமையை மீட்கவேண்டும்.

இனி, ஏறிய வண்டி இறங்கவேண்டுமே! ஏறும்போது சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வெப்பமாக வெளிப்படுகிறது. அவ்வெப்பம் சுமார் 4 லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்கப் போதுமானது. கீழ்க் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். உயர் கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால், அத்தனையும் நான்கு பிரேக் டிரம்களின் தலையில் விழும். இதைக் கேட்டபின் வரிசையில் முதலிடம் எதற்கு என்பதில் ஐயம் இருக்க முடியாது.

முதற்படி, நிறுத்தும் உறுப்புகள். பிரேக் லைனிங், டிரம், மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், டயர்கள், ஸ்டியரிங் மூட்டுகள் ஆகிய இவையே முதற் செலவு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். மலையிறக்கத்தில் சூடேறி உள்ளே ஆவிக்குமிழ் தோன்றினால், மிதித்த பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது கடமை. இருப்புப் பாதையிலும் இந்நெறியே கையாளப்பட்டது. ரெயில்கள் நீண்டும் கனத்தும் வந்தபோது வெற்றிடப் பிரேக் நீங்கிக் காற்றழுத்தப் பிரேக் வந்தது. கனமான எஞ்சினை ஓட்டுமுன் தண்டவாளமும் பாலமும் அதைத் தாங்குமா என்று பார்க்கிறார்கள். வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டி, அச்சின் வலிமையை எண்ணச் சொல்கிறார்.

இரண்டாம் படி, எஞ்சினின் நிலையை அறிதல். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானி வைத்துப் பார்க்கவேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பார்க்கவேண்டும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிடில் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ குறை. இச்சோதனைக்கு ஆகும் செலவு சிறிது. இதைச் செய்யாமல் வீணாகும் பணமோ பெரிது. ரிங் தேய்ந்த எஞ்சினுக்குப் பெரிய கார்புரேட்டர் பூட்டுவது, ஓட்டைக் குடத்துக்கு அகன்ற வாய் வைப்பது போன்றது.

மூன்றாம் படி, வெப்பத்தை வெளியேற்றும் உறுப்புகள். பழைய எஞ்சின், பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத்தான் உழைப்பாக மாற்றுகிறது. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகவேண்டும். வலிமையைக் கூட்டினால் வெப்பமும் அதற்கேற்பக் கூடும் என்பதை மறக்கலாகாது. ரேடியேட்டரைக் கழற்றி உப்புப் படிவை நீக்குதல், தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்பு, ஃபேன் பெல்ட், குழாய்கள் ஆகியவற்றைப் பார்த்தல் இப்படியில் அடங்கும். ரேடியேட்டர் மூடியையும் அற்பமாக எண்ணவேண்டா. அது காக்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்கிறது. வாஷர் தேய்ந்த மூடியோடு மலையேறுபவர் பாதி வழியில் கல்லை அண்டை கொடுத்து நிற்கநேரும்.

நான்காம் படி, பொறியும் எரிபொருளும். பிளக், கம்பி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைச் சீராக்கி, டேப்பெட் இடைவெளியையும் பொறி விழும் காலத்தையும் அளந்து அமைக்கவேண்டும். பாயிண்டை நீக்கி எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் மிகுந்த பயன் தருவது. தேயும் உறுப்பு ஒன்று குறைகிறது. பொறியும் காலந் தவறுவதில்லை.

எரிபொருளைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லவேண்டும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நீங்கியது. பழைய எஞ்சினின் புகைவால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே ஒரு காப்பாக இருந்து வந்தது. ஆகவே என்றேனும் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், அப்பொழுதே கடினமான இருக்கைகளை லேத் பட்டறையில் பொருத்திவிடுவது சிக்கனம். மற்றொன்று, 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் ஆற்றல், அளவுக்கு அளவு, பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஆதலால் ஒரு லிட்டருக்கு 6 அல்லது 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. கார்புரேட்டரின் பழைய ஜெட் அளவுக்குக் கலவையும் மெலிகிறது. இதனினும் முக்கியமானது, பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் எத்தனால் கெடுக்கக்கூடும் என்பது. சூடான எஞ்சினின்மேல் பெட்ரோல் கசிந்தால் நேர்வதைச் சொல்லவேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றியபின்னரே மற்றவற்றை எண்ணவேண்டும்.

இந்நான்கு படிகளையும் முடித்த வண்டி, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் வலிமையைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடும். நம்மில் பெரும்பாலான குடும்பங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. கோயிலுக்கும் திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் செல்ல இது போதும்.

இதற்குமேலும் வேண்டுவோர்க்கு ஐந்தாம் படி, எஞ்சினின் மூச்சு. உள்ளே செல்லும் காற்று, கலவை, வெளியேறும் புகை ஆகிய மூன்றும் ஒரு சங்கிலி. ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் பயன் இல்லை. காற்று வடிகட்டி, கார்புரேட்டர், புகைக்குழாய் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்துகொள்ளவேண்டும்.

ஆறாம் படி, ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துதல், கேம் தண்டை மாற்றுதல் முதலியன. இவை எஞ்சினைத் திறந்து செய்யும் வேலைகள். அழுத்தம் அளவு மீறினால் எஞ்சினுள் தட்டும் ஒலி தோன்றிப் பிஸ்டனையே உடைக்கும். பந்தயத்துக்கென அமையும் கேம், வேகச் சுழற்சியில் வலிமை தந்து மெதுவான சுழற்சியில் அதைப் பறித்துக்கொள்ளும். மலைப்பாதையில் நமக்கு வேண்டியதோ மெதுவான சுழற்சியின் இழுப்பு! முன்னாளில் சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமானத் திடலில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தபோது பியட்டுகளும் ஹெரால்டுகளும் இவ்வாறு திருத்தப்பட்டு ஓடின. அவை சில சுற்றுகள் ஓடி, மறுநாள் பட்டறைக்குப் போகும் வண்டிகள். நம் வண்டி மறுநாள் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லவேண்டும்.

ஏழாவதும் இறுதியுமான படி, எஞ்சினையே மாற்றுதல். அம்பாசடரின் வரலாறே இதற்குப் பாடம் சொல்கிறது. 1957-இல் பக்கவால்வு எஞ்சினோடு வந்த வண்டி, 1959-இல் 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சினைப் பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வந்தபோது ஐந்து கியர்ப் பெட்டியும் உடன் வந்தது. 2014-இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையே எஞ்சினை மட்டும் தனியே மாற்றாமல் கியர்ப் பெட்டியையும் சேர்த்து மாற்றியதைக் கவனிக்கவேண்டும். கிளட்ச், கியர், பின் அச்சு, பிரேக் எல்லாம் புதிய வலிமைக்கு ஈடுகொடுக்கவேண்டுமன்றோ? சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. பதிவு அலுவலகத்தின் அனுமதியின்றி எஞ்சினை மாற்றினால், 15 ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கொருமுறை செய்யும் பதிவுப் புதுப்பிப்பு இடர்ப்படும். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கேள்விக்குள்ளாகும்.

எந்தப் படியில் நின்றாலும் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்யுங்கள். போக்குவரத்துக் குறைந்த ஒரே ஏற்றத்தில், அதே சுமையோடு, அதே கியரில் ஏறிப் பாருங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், வெப்பமானி எங்கே நின்றது, என்ன செலவு என்பவற்றை நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுங்கள். ஓர் அன்பர் ஒரே நாளில் பிளக்கும் கார்புரேட்டரும் புகைக்குழாயும் மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நன்றாக ஓடினால் எதனால் என்று தெரியாது. கெட்டாலும் எதனால் என்று தெரியாது. அலுவலகத்தில் பதிவேடு எழுதியே காலங் கழிக்கும் நம் போன்றோர்க்குப் பதிவேட்டின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இளைஞர்களே! உங்கள் ஆர்வத்தை நாம் தடுக்கவில்லை. அதற்கு ஒரு வரிசை வகுத்துத் தருகின்றோம். நிறுத்தும் உறுப்பு முதலில், ஓடும் உறுப்பு பின்னர். வெப்பத்தை நீக்குவது முதலில், வெப்பத்தைப் பெருக்குவது பின்னர். இழந்ததை மீட்பது முதலில், இல்லாததைச் சேர்ப்பது பின்னர். தாய்மார்களே! வீட்டில் இச்செலவுப் பட்டியல் வரும்போது, "பிரேக் பார்த்தாயிற்றா?" என்ற ஒரே கேள்வியை நீங்கள் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தபின் பணப்பெட்டியைத் திறக்கலாம்.