ஆளுக்கு ஒரு நிரை

(தோட்ட மண்டபத்தில் நடந்த ஒளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒளி விழா என்றால் பிள்ளைகளின் பாட்டும் நாடகமும்தான் முக்கியம். ஆகையால் நாங்கள் நீட்டிப் பேசப் போவதில்லை. இங்கே வேதக்காரக் குடும்பங்களும் இருக்கின்றன, சைவக் குடும்பங்களும் இருக்கின்றன. இரு பகுதியாருக்கும் பொதுவான ஒரு விசயத்தைத்தான் சொல்ல வந்தோம்.

ஒரு மனுசன் விசுவாசத்துக்கு வருகிறான் என்றால் அதற்கு யார் காரணம்? சுவாமியார், பாஸ்டர், இல்லாவிட்டால் டவுனில் மைக் கட்டி நடந்த பெரிய கூட்டம் என்று சொல்லுவோம். ஆனால் விசாரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். முதலில் ஒரு பாட்டி செபம் சொல்லிக் கொடுத்திருப்பார். பிறகு பக்கத்துக் காம்பரா அக்கா சுகமில்லாத நேரத்தில் கஞ்சி கொண்டு வந்திருப்பார். பத்து வருசம் கழித்து ஒரு சிநேகிதன் கூட வந்து கோயில் வாசலில் நின்றிருப்பான். கடைசியில்தான் பாஸ்டர் வருகிறார்.

இது நமக்குப் புரியாத காரியம் இல்லை. கொழுந்து மலையை ஒரே ஆள் எடுத்து முடிப்பதில்லை. கங்காணி ஆளுக்கு ஒரு நிரை காட்டுகிறார். அந்தத் தேயிலைச் செடியையும் பாருங்கள். நாற்று மேடையில் வளர்த்தவர் ஒருவர், குழி வெட்டியவர் ஒருவர், நட்டவர் ஒருவர், புல்லு வெட்டியவர், கவ்வாத்து வெட்டியவர் என்று எத்தனை கைகள்! நட்ட கையோடு யாரும் கொழுந்து பறிப்பதில்லை. பவுல் அப்போஸ்தலரும் கொரிந்து சபைக்கு இதையே எழுதினார். தாம் நட்டதாகவும், அப்பொல்லோ தண்ணீர் ஊற்றியதாகவும், வளரச் செய்தவர் கடவுள் என்றும் சொன்னார்.

வேதாகமத்தில் நாகமான் என்ற தளபதியின் கதை உண்டு. குஷ்டரோகத்தால் வருந்திய அவருக்கு வழி காட்டியது யார்? போரில் பிடித்துக்கொண்டு வரப்பட்டு, அவர் மனைவிக்கு வேலைக்காரியாய் இருந்த ஒரு சின்னப் பிள்ளை. எங்கள் ஊரில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் சுகமாகும் என்ற அளவுக்குத்தான் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு வேதத்தில் பெயர்கூட இல்லை. (பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று நாங்கள் எல்லாக் கூட்டத்திலும் சொல்லுகிறோம். அதை இங்கேயும் ஞாபகப்படுத்துகிறோம்.)

நமது நாட்டுச் சரித்திரத்திலும் இது உண்டு. ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்க குருமாரைத் தடை செய்தார்கள். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் 1687-இல் இரகசியமாக வந்து சேரும்போது ஏறக்குறைய 30 வருசம் ஓடிவிட்டது. அவ்வளவு காலமும் விசுவாசத்தைக் காப்பாற்றியது சாதாரண சனங்கள். வீட்டில் மாலைச் செபம் சொன்ன தாய்மார். வாஸ் அடிகளாரைத் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்ததும் அவர்களே. அவர் நாடு முழுக்க நடந்து ஊழியம் செய்து, 1711-இல் கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14-இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தத் தாய்மாரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் அணையாமல் வைத்திருந்த விளக்கைத்தான் அடிகளார் வந்து தூண்டிவிட்டார்.

தோட்டக் கதைக்கு வருவோம். 1854-இல், கோப்பித் தோட்டக் காலத்தில், "தமிழ்க் கூலி மிஷன்" என்ற ஊழியம் தொடங்கியது. ("கூலி" என்ற சொல்லைப் பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.) துரைமார் அதற்குப் பணம் கொடுத்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தோட்டம் தோட்டமாக நடந்து, நம்ம சனங்களோடு நம்ம பாஷையில் பேசியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் உபதேசிமார்.

அந்தத் திருநெல்வேலிச் சபை எப்படி உண்டானது? பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற ஒரு விதவை இருந்தார். சொந்தச் சாதியார் அவரைத் தள்ளி வைத்திருந்தார்கள். 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அங்கே 1785-இல் ஒரு சிறு கோயில் எழும்ப அந்த அம்மாவே முன்னின்றார். ஊர் ஒதுக்கிய ஒரு பெண்ணின் வீட்டில் ஏற்றிய விளக்கு, 70 வருசம் போனபின் கடல் தாண்டி மலை ஏறி நம்ம லயத்துக்கு வந்தது. அந்த அம்மா இலங்கையைக் கண்டவர் இல்லை. தன் நிரையை எடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

பதுளை டவுனில் புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸின் ஞாபகமாகக் கட்டியது. அவர் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. மலை ஏறி நடந்த உபதேசிமாருக்குக் கல்லும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆனாலும் அவர்கள் விதைத்தது முளைத்திருக்கிறது.

இனி, கொஞ்சம் கசப்பான விசயம். நலன்புரி வேலையில் எங்களிடம் வருகிற முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று. மகன் புதிய செபக் கூட்டத்துக்குப் போகிறான், அம்மா காமாட்சி விளக்கு ஏற்றுகிறார். மகன் விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லுகிறான். அம்மா, "அப்படின்னா நீ இந்தக் காம்பராவுல இருக்காதே" என்கிறார். திருவிழா வரி வசூலிக்கும்போது சண்டை, சாவு வீட்டில் யார் சடங்கு செய்வது என்று சண்டை. ஒரே பீலியில் தண்ணி பிடிக்கிறவர்கள் முகம் பார்ப்பதில்லை.

இதற்கு நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, அவசரப்படக் கூடாது. உங்கள் பங்கு ஒரு நிரைதான். முழு மலையையும் நீங்களே எடுக்க வேண்டும் என்று நினைத்தால் பிஞ்சுக் கொழுந்தும் ஒடிந்துபோகும்.

இரண்டாவது, உதவியைத் தூண்டில் ஆக்கக் கூடாது. 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. தப்பிய சனங்கள் பாடசாலைகளில் தங்கியபோது சோறும் போர்வையும்தான் தேவைப்பட்டது. பசித்தவனிடம் அரிசிப் பொதியைக் காட்டி, "கூட்டத்துக்கு வா" என்பது நற்செய்தி இல்லை, வியாபாரம். அப்படி வந்தவன் அரிசி முடிந்ததும் போய்விடுவான். கொடுப்பதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். ஏன் செய்தீர்கள் என்று அவரே ஒரு நாள் கேட்டால், அப்போது சொல்லுங்கள்.

மூன்றாவது, முடிவு அவரவருடையது. நமது அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. அது மகனுக்கும் உண்டு, அம்மாவுக்கும் உண்டு. மகன் கோயிலுக்குப் போவதை அம்மா தடுக்க வேண்டாம். அம்மாவின் விளக்கை மகன் தொட வேண்டாம்.

நான்காவது, நடத்தைதான் முதல் பிரசங்கம். வேதக்காரத் தம்பிமாரே, வீட்டில் அம்மாவை மதிக்காமல் மேடையில் அல்லேலூயா சொன்னால் லயத்தில் யார் நம்புவார்? சாராயத்தை விட்டீர்களா, சீட்டுக் காசை நாணயமாகக் கட்டினீர்களா, "என்னா அக்கா, ரெண்டு நாளா பெரட்டுக்கு வரல்லியே" என்று போய் விசாரித்தீர்களா? சனங்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

படிப்பில்லாத நாங்கள் என்ன செய்ய முடியும் என்று சில தாய்மார் கேட்கிறீர்கள். குளோரிந்தா அம்மா பிரசங்கி இல்லை. நாகமான் வீட்டுப் பிள்ளைக்குப் பதவி இல்லை. உங்கள் கைக்கு எட்டிய நிரையை ஒழுங்காக எடுங்கள். பலனை உங்கள் கண் காணாமல் போகலாம். உங்கள் பேரப் பிள்ளைகள் காண்பார்கள்.

இந்த நத்தார் காலத்தில் கேக்குத் துண்டோடு பக்கத்துக் காம்பராவுக்குப் போங்கள். தைப்பொங்கலுக்கு அவர்கள் பொங்கல் கொண்டுவந்தால் முகம் மலர்ந்து வாங்குங்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற வீட்டுக்கு முதலில் போங்கள்.

எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துக்கள்.