மழைக் குளிரும் மாட்டின் வயிறும்

(செட்டிபாளையத்துக்கு வந்திருந்த மலையகத் தோட்டத் தொழிலாளர் குழுவினர் மத்தியில், இவ்வூர்க் கால்நடை வளர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



குளிர்காலத்தில் கால்நடைகளைப் பராமரிப்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலே குடியிருக்கிற நான், நானுஓயாவிலும் ராகலையிலும் குளிரோடு பிறந்து வளர்ந்த உங்களுக்குக் குளிரைப் பற்றிச் சொல்ல வருவது மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்குகிற மாதிரித்தான். ஆனாலும் ஒன்று சொல்லவேணும். மாடுகள் குளிரிலே கூட்டங்கூட்டமாகச் செத்தது உங்கள் மலையிலே இல்லை, இந்தப் பக்கத்திலேதான். அதனாலே பேசுகிறேன்.

2022 டிசம்பர் மாதம். வங்காள விரிகுடாவிலே மண்டூஸ் என்று ஒரு புயல் எழும்பி, எங்கள் கரைக்கு வெளியாலே போய், 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டிலே மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. எங்களுக்குப் பெரிய சேதம் என்று சொல்ல ஏலாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பாருக்கு அது ஒரு புயலே இல்லை. ஆனால் அந்த நாட்களிலே குளிர்காற்றும் மழையும் விடவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் பட்டிகளிலே மாடுகள் விறைத்துக் கிடக்கின்றன. எருமை, ஆடு எல்லாம்தான். வடக்கு, கிழக்கு இரண்டு மாகாணத்திலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். ஒரே இராவிலே பட்டியை இழந்தவர்களும் உண்டு. பத்து மாடு வைத்திருக்கிறவனுக்கு அதுதான் வங்கிப் புத்தகம், பிள்ளையின் கலியாணம், அடுத்த போகத்து விதைநெல் எல்லாம்.

முதலிலே எல்லோரும் புதுநோய் ஏதோ வந்துவிட்டது என்றுதான் பயந்தார்கள். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஏற்றி இறக்குவதைக்கூட அரசாங்கம் சில நாள் தடை செய்தது. பிறகு கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், இது தொற்றுநோயில்லை, குளிர் தாங்காமல் வந்த சாவு என்று அறிவித்தது.

இப்போ நீங்கள் கேட்கலாம், இதென்ன கதை என்று. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையிலே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்துக் கிடக்கும். அந்த உறைபனியிலே பந்தயத் திடல் பக்கத்துக் குதிரை மேய்கிறது, உங்கள் லயத்துப் பசு அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. எங்கள் ஊரிலே தண்ணீர் உறைகிற குளிர் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. மறுகா, எங்கள் மாடு மட்டும் ஏன் சாகவேணும்?

நனைந்தது, காற்றிலே நின்றது, வயிறு வெறுமையாகக் கிடந்தது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபடியாலேதான் செத்தது. வெறும் குளிரை மட்டும் மாடு நன்றாகத் தாங்கும். மாட்டின் உரோமம் ஒரு கம்பளிச் சட்டை மாதிரி. உரோமத்துக்கு இடையிலே காற்றுப் பிடித்து வைத்திருப்பதனாலேதான் சூடு வெளியே போவதில்லை. மழையிலே நனைந்தால் உரோமம் தோலோடு ஒட்டிப்போகும், சட்டை இருந்தும் இல்லாத மாதிரி. குளிர்நாட்டு மாடு வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: தடித்த உரோமமுள்ள மாடு காய்ந்தபடி இருந்தால் பூச்சியத்துக்குக் கீழேயும் தாங்குமாம். அதே மாடு முழுக்க நனைந்தால் 15 பாகையிலேயே குளிரத் தொடங்கிவிடுமாம். அது அவர்களுடைய மாட்டுக்கு. எங்கள் நாட்டு மாட்டுக்கு உரோமம் கட்டை, தோல் மெல்லிசு, வெயிலுக்கென்றே படைத்த உடம்பு. அது நனைந்துபோய் வாடைக்காற்றிலே நின்றால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி வயிற்றுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததிலே பெரிய விஷயம் இதுதான், அதனாலே கொஞ்சம் விபரமாகச் சொல்லுகிறேன். மாட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய பீப்பா. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் புளிக்க வைக்கின்றன. புளிக்கிற எதுவும் சூடாகும். எருக்குழிக்குள்ளே கையை விட்டால் தெரியும். ஆகவே வயிறு நிறைய நார்த்தீன் உள்ள மாடு, உடம்புக்குள்ளே ஒரு அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தின்று சில மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அந்தச் சூடு கூடும். அதனாலே குளிர்நாளிலே பெரிய பங்குத் தீனைக் காலையிலே போடாமல் பின்னேரம் போடவேணும். நடுச்சாமக் குளிர் இறங்குகிற நேரம் அடுப்பும் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்.

தவிடும் புண்ணாக்கும் நல்லதுதான், பாலுக்கு வேணும். ஆனால் குளிருக்கு முதல் மருந்து நார்த்தீன். குதிரைக்கும் இதுதான். குதிரைக்கு மாட்டைப் போல நாலு அறை வயிறு இல்லை, அது அசை போடாது. ஆனாலும் பின்குடலிலே இதே மாதிரிப் புளிப்பு நடக்கிறது. அதனாலே சீசன் முடிந்து மட்டக்குதிரையைப் பராமரிக்கிற பிள்ளைகள் யாரும் இங்கே இருந்தால் கவனியுங்கள்: குளிருக்கென்று திடீரென்று தானியத்தை அள்ளிப் போட்டால் குதிரைக்கு வயிற்றுவலி வந்து உருண்டு புரளும், உயிருக்கே மோசம். காய்ந்த புல்லைக் கூட்டிக் கொடுங்கள். குளிரிலே குதிரை தண்ணீர் குறைவாகக் குடிக்கும், குடல் அடைக்கும். தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி வையுங்கள். முதுகிலே போட்ட சாக்கு நனைந்தால் உடனே எடுத்துவிடவேணும். நனைந்த சாக்கு இருப்பதைவிடச் சாக்கே இல்லாமல் நிற்பது நல்லது.

சரி, எங்கள் மாட்டின் வயிறு ஏன் வெறுமையாகக் கிடந்தது? எழுவான்கரை, படுவான்கரை என்று வாவிக்கு இரண்டு கரை. செட்டிபாளையம் எழுவான்கரையிலே, கடல் பக்கம். எங்கள் வயலும் மாடும் பெரும்பாலும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலே. ஒக்டோபர், நவம்பரிலே பெரும்போக விதைப்பு. விதைத்தால் மாடு வயல்வெளியிலே நிற்க ஏலாது, தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போகவேணும். அந்த மேய்ச்சல் தரைதான் வருசா வருசம் சுருங்கி வருகிறது. மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்து மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரிலிருந்து பண்ணையாளர்கள் சித்தாண்டியிலே வீதியோரம் குந்தியிருந்து போராடியதைப் பத்திரிகையிலே வாசித்திருப்பீர்கள். மேய இடமில்லாத மாடு மாரி தொடங்கும்போதே மெலிந்துபோய் நிற்கும். முதுகெலும்பிலே கொழுப்பில்லை, தலைக்கு மேலே கூரையில்லை, வெள்ளம் வந்து பாதை மூடினால் சொந்தக்காரன் அங்கே போய்ப் பார்க்கவும் வழியில்லை. இவ்வளவும் சேர்ந்த இடத்திலேதான் அந்த டிசம்பர்க் குளிர் வந்து இறங்கியது. குளிர் இயற்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். மெலிவு இயற்கையில்லை.

இதைவிட வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், மாசி, பங்குனியிலே அறுவடை முடிந்ததும் வயலிலே வைக்கோலை நெருப்பு வைத்து எரிக்கிறோம். டிசம்பரிலே மாட்டுக்கு வேண்டிய அடுப்பை மார்ச் மாதமே எரித்து முடித்துவிடுகிறோம். 200 கிலோ நிறையுள்ள நாட்டு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 4, 5 கிலோ காய்ந்த தீன் போதும். மிக மோசமான குளிர் மழை வருசத்திலே பத்துப் பதினைந்து நாள்தான். அப்படியானால் ஒரு மாட்டுக்கு 75 கிலோ வைக்கோலை நனையாமல் மூடி வைத்திருந்தால் அந்த நாட்களைக் கடத்திவிடலாம். ஒரு பழைய பொலித்தீன், நிலத்திலே நாலு மரக்குற்றி, அவ்வளவுதான் செலவு.

வைக்கோலிலே சத்துக் குறைவு என்பீர்கள், உண்மை. அதற்கு யூரியா போட்டுப் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். யூரியாவைத் தண்ணீரிலே முழுக்கக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து மிதித்து, காற்றுப் போகாமல் மூடி இரண்டு கிழமை வைக்கவேணும். திறந்து சில மணித்தியாலம் ஆறவிட்ட பிறகுதான் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது, குதிரைக்கும் வேண்டாம். யூரியாத் தண்ணீர் வாளியை மாடு நக்குகிற இடத்திலே வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது நஞ்சு. கொஞ்ச நேரத்திலே மாட்டை விழுத்திவிடும்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். உங்கள் மாட்டுக்குக் கூரை இருக்கிறது, பெரிய கொடுப்பினை. குறை எங்கே என்றால் தீனிலே. காலையிலே பிரட்டு, பகல் முழுக்க மலையிலே கொழுந்து, பொழுதுபட வந்து ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையிலே வைத்துக் கொண்டு வருகிறது யார்? அநேகமாக அக்காமார்தான். மழைநாளிலே அந்தக் கட்டுச் சிறுத்துப்போகும். மாட்டுக்குக் கூடத் தேவைப்படுகிற நாளிலே குறையக் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, இளம் புல்லிலே ஐந்திலே நாலு பங்கு தண்ணீர். 30 கிலோக் கட்டைச் சுமந்து வந்தால் அதிலே காய்ந்த தீன் 6 கிலோதான். 350 கிலோ நிறையுள்ள கலப்புப் பசுவுக்கு 8, 9 கிலோ வேணும். அந்த அக்கா இன்னொரு கட்டுக்கு மழையிலே போகவேணுமா? பள்ளத்து வயல்களிலே அறுப்பு முடிகிற நேரம், லயத்திலே நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு லொறி வைக்கோல் இறக்கிப் பங்கிட்டு வைத்தால் மாட்டுக்கும் நல்லது, அக்காவின் முதுகுக்கும் நல்லது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மலையிலே வெயில் விழுகிற நாட்களிலே கினிப்புல்லை அறுத்துக் காயவைத்தும் சேர்க்கலாம். மானாப்புல்லைத் தீனாக நம்பவேண்டாம், அது படுக்கைக்கு நல்லது. சீமந்துத் தரையிலே சும்மா படுக்கிற பசுவின் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும்.

காற்று மறைப்புக் கட்டும்போது திசை பார்த்துக் கட்டுங்கள். மார்கழி, தையிலே காற்று வடகிழக்கிலிருந்து. மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கத்திலே ஆனி, ஆடியிலே தென்மேற்குக் காற்றுத்தான் கொல்லும். சாக்கோ தகரமோ மாட்டின் முதுகு உயரத்துக்கு அடித்தால் போதும். கூரைக்குக் கீழே மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். குளிருக்குப் பயந்து கொட்டிலைப் பெட்டி மாதிரி அடைத்தால் மூத்திர வாடை மூக்கிலே ஏறி, சளி பிடித்து, நெஞ்சுக் காய்ச்சலிலே கன்று போய்விடும். புகை போடுகிறவர்கள் கொட்டிலுக்கு வெளியே, காற்று வரும் பக்கம் பார்த்துப் போடுங்கள். உள்ளே நெருப்பு வேண்டாம், வைக்கோல் இருக்கிற இடம்.

குளிர்நாளிலே பிறக்கிற கன்றை உடனே சாக்காலே துடைத்துக் காயவைத்து, முதல் சில மணித்தியாலத்துக்குள்ளே கடும்புப்பால் வயிறு நிறையக் குடிக்க விடவேணும். சீம்பால் என்று நீங்கள் சொல்லுவீர்கள். அதைக் கறந்து வீட்டுக்கு எடுக்கிற பழக்கம் இருந்தால், கன்று குடித்த மிச்சத்தை எடுங்கள்.

விழுந்துவிட்ட மாட்டுக்கு என்ன செய்வது? மாட்டின் உடம்புச் சூடு சாதாரணமாக 38.5 பாகை அளவிலே இருக்கும். காது, கால் பனிக்கட்டி மாதிரி, உடம்புச் சூடு 37க்குக் கீழே என்றால் குளிர் பிடித்துவிட்டது. நடுங்குகிற மாடு இன்னும் போராடுகிறது. நடுக்கம் நின்று, தலை தொங்கினால் நிலைமை மோசம். அதை ஒதுக்கிடத்துக்குக் கொண்டு வந்து, காய்ந்த சாக்காலே அழுத்தித் தேய்த்து, பக்கவாட்டிலே சரிந்து கிடக்க விடாமல் நெஞ்சிலே குந்த வைத்து வைக்கோல் மூட்டையாலே முட்டுக் கொடுங்கள். விழுங்கக்கூடிய மாட்டுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரிலே கொஞ்சம் சர்க்கரை கலந்து வையுங்கள், அதாகக் குடிக்கட்டும். கிடக்கிற மாட்டின் வாயிலே போத்தலாலே ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள்ளே போய், குளிரிலே தப்பின மாடு உங்கள் கையாலே செத்துப்போகும்.

ஆனால் சூடு 40, 41 என்று ஏறி, தொண்டை வீங்கி, வாய்நீர் வடிந்து, மூச்சு இழுத்தால் அது குளிரில்லை. தொண்டை அடைப்பானாக இருக்கலாம், மழைக்காலத்திலே எருமையையும் மாட்டையும் ஒரு நாளைக்குள்ளே கொண்டுபோகிற நோய். அந்த நேரம் தேய்த்துக்கொண்டு நிற்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடவேணும். அதற்குத் தடுப்பூசி உண்டு, மழை தொடங்க முந்தியே போடவேணும். பூச்சி மருந்தும் அப்போதே. வயிற்றிலே புழு இருக்கிற மாட்டுக்கு நீங்கள் போடுகிற வைக்கோலிலே பாதி புழுவுக்குத்தான்.

தப்பித் தவறிச் செத்தால், இறைச்சியாக்க நினைக்கவேண்டாம். என்னத்தாலே செத்தது என்று கண்ணாலே பார்த்துச் சொல்ல ஏலாது. புதைக்க முந்தி மிருக வைத்திய அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்துவிடுங்கள். காதுத் தகடும் பதிவும் இருக்கிற மாடு செத்தால் நஷ்டஈடு என்று போய்ப் பேச ஒரு பிடி இருக்கும். பதிவில்லாத மாடு உயிரோடு இருந்தாலும் செத்தாலும் அரசாங்கக் கணக்கிலே இல்லை. லயத்திலே ஒரு பசுதானே என்று யாரும் விட்டுவிடாதீர்கள்.

பேசியது போதும். கொட்டிலுக்குப் பின்னாலே இரண்டு கிழமைக்கு முந்தி மூடி வைத்த யூரியா வைக்கோல் இருக்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், திறந்து காட்டுகிறேன். முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீர்கள், முதல் ஆவி கண்ணை எரிக்கும்.