இறந்த எலும்பின் பெயர்கள்

எலும்பு உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. ரத்தம் நின்றுபோனால் அந்தப் பகுதி இறந்துவிடும். திசு இப்படி இறப்பதற்கு மருத்துவத்தில் நெக்ரோசிஸ் என்று பெயர். பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

அடிபட்டும் எலும்பு இறக்கலாம். தொடை எலும்பின் கழுத்து முறியும்போது, பந்து போன்ற அதன் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுந்துவிடுவதுண்டு. கிருமி எதுவும் இல்லாமலே அந்தத் தலை இறந்து, நாளடைவில் நசுங்கும். இது அவாஸ்குலர் நெக்ரோசிஸ். அதாவது ரத்த ஓட்டம் இல்லாமல் நேர்ந்த இறப்பு.

கிருமித் தொற்றில் நடப்பது வேறு. எலும்பிலும் மஜ்ஜையிலும் வரும் இந்த அழற்சியின் பெயர் ஆஸ்டியோமைலிடிஸ். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவே காரணம். உள்ளே சீழ் பெருகும்; கெட்டியான எலும்பு அதற்கு இடம் கொடுக்காது. அழுத்தம் ஏறி ரத்தக் குழாய்கள் நசுங்கும். சீழ் வெளியே கசிந்து, எலும்பைப் போர்த்திய சவ்வையும் பெயர்க்கும். அந்த வழியாக வந்த ரத்தமும் நின்றுவிடும்.

இறந்த துண்டு உயிருள்ள எலும்பிலிருந்து பிரிந்து தனியே கிடக்கும். அதுதான் சீக்வெஸ்ட்ரம். ஒதுக்கி வைத்தலைக் குறிக்கும் லத்தீன் சொல் அதன் வேர். பெயர்ந்த சவ்வு அந்தத் துண்டைச் சுற்றிப் புது எலும்பு கட்டும். அதற்கு இன்வால்யூக்ரம், அதாவது உறை, என்று பெயர். உறையில் விழும் ஓட்டை க்ளோயக்கா. லத்தீனில் சாக்கடை என்று பொருள். சீழ் அதன் வழியாகத் தோலுக்கு வந்து, ஆறாமல் புரையோடிய புண்ணாகும்.

எக்ஸ்ரேயில் சீக்வெஸ்ட்ரம் சுற்றியுள்ள எலும்பைவிட வெளுத்துத் தெரியும். நோயுற்றாலும் உயிரோடிருக்கும் எலும்பு தன் கால்சியத்தை ரத்தத்தில் இழக்கும். இறந்த துண்டிலிருந்து அதை எடுத்துச் செல்ல ரத்தம் இல்லை.

ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் கிருமிகள் அந்தத் துண்டில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். அறுவை செய்து துண்டை அகற்றுவதே சீக்வெஸ்ட்ரெக்டமி. குழந்தைகளுக்கு, உறை உடல் எடையைத் தாங்குமளவு வலுப்பெறும்வரை பெரும்பாலும் காத்திருப்பார்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, வலியால் ஒரு கையையோ காலையோ அசைக்க மறுத்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்த ஓட்டம் நிற்பதற்குள் மருந்து உள்ளே போய்விட்டால் எலும்பு பிழைக்கும்.